காத்தடிக்கிற படகா, ப்ளாஸ்டிக் கயாக்கா? முதல் படகு வாங்கப் போறேன், யோசனை சொல்லுங்க

தாம்பரம்_தூண்டில்

வணக்கம் மக்களே. நாலு வருஷமா கரையில நின்னே தூண்டில் போடுறேன். முட்டுக்காடு, கோவளம், மாசம் ஒரு தடவை பழவேற்காடு. கொடுவா துள்ளுற சத்தம் எப்பவும் என் லூர் (போலி இரை) விழுற இடத்துக்குப் பத்தடி அந்தப் பக்கம்தான் கேக்குது. பொறுத்தது போதும், சின்னதா ஒரு படகு வாங்கிடலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

என் நிலவரம்: எடை 84 கிலோ. நீச்சல் ஓரளவு வரும் (கிணத்து நீச்சல்). ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வண்டி ஸ்விஃப்ட். 35,000 வரைக்கும் போடலாம். தனியாத்தான் போவேன்.

ரெண்டு பாத்து வெச்சிருக்கேன். ஒண்ணு இன்டெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் கே2, காத்தடிக்கிறது. இன்னொண்ணு பத்தடி நீளத்துல, மேல உக்காந்து ஓட்டுற ப்ளாஸ்டிக் கயாக். கே2 312 செ.மீ. நீளம், 91 செ.மீ. அகலம், 180 கிலோ தாங்கும்னு போட்டிருக்கான். அப்போ எனக்குத் தாராளம்தானே?

வீட்டுல கேட்ட ஒரே கேள்வி: "இதை எங்க வைப்பீங்க?"

ஈரோடு_விரால்

வாங்க வாங்க. நான் ஆறு வருசமா காத்துப் படகுதானுங்க. குளம், ஏரி, வாய்க்கால் எல்லாம் அதுலதான். மடிச்சா ஒரு பைக்குள்ள அடங்கிடும், டிக்கியில போட்டுட்டுப் போயிட்டே இருக்கலாம். ரெண்டாவது மாடின்னு சொன்னதுமே உங்க கேள்விக்குப் பாதி பதில் வந்துடுச்சுங்க. 27 கிலோ கயாக்கை ஞாயித்துக்கிழமை மத்தியானம், வெயில்ல வாடி வதங்கி வந்தப்புறம், படிக்கட்டுத் திருப்பத்துல ஒத்தை ஆளா திருப்பிப் பாருங்க. மூணாவது வாரம் அது பார்க்கிங்ல கிடக்கும், நாலாவது வாரம் விக்கிறதுக்கு விளம்பரம் வரும்.

ஆனா 180 கிலோன்னா 180ன்னு நம்பிடாதீங்க. அது மிதக்குற கணக்கு, ஓட்டுற கணக்கு இல்லீங்க. எழுதியிருக்கிறதுல 70 சதவீதத்தைத்தான் நான் எடுத்துக்குவேன். 84 கிலோ ஆளு, ஐஸ் பொட்டி, நங்கூரம், தண்ணி, ராடு எல்லாம் சேத்து 110 வந்துடும். ஒத்தை ஆளுக்குச் சரியா இருக்கும். ரெண்டாவது ஆளை ஏத்தாதீங்க, முன்னாடி சீட்டைக் கழட்டிப் போட்டுட்டு நடுவுல உக்காருங்க.

எதிரின்னு பாத்தா கடல் பாறை கிடையாதுங்க, சீமைக் கருவேலம். வெயில் காலத்துல காஞ்ச ஏரிக்குள்ள மொளைச்சு நிக்கும், மழை வந்தா தண்ணிக்கடியில மறைஞ்சுடும். முள்ளு மேல்நோக்கித்தான் நிக்கும். நான் போட்ட ஒட்டுல பாதி கருவேல முள்ளுனால.

முத்துநகர்_பாறை

ஈரோட்டு அண்ணாச்சி சொல்லுதது குளத்துக்குச் சரி. தம்பி கேட்டது கோவளம். கோவளத்துக்கும் குளத்துக்கும் எழுத்துலதான் ஒத்துமை, பாத்துக்கிடுங்க.

காத்துப் படகோட பக்கச் சுவரு அரை மீட்டர் உயரம், மூணு மீட்டர் நீளம். ஒன்றரை சதுர மீட்டர் பாய் கட்டுன மாதிரி. அடியில ஆழம் கிடையாது, தண்ணிக்கு மேல உக்காந்திருக்கும். பின்னால அடியில வெக்குத சின்ன ஃபின்னு (செட்டை) இல்லன்னா ஒரே இடத்துல சுத்தும். காத்து வேகம் பத்து நாட் (மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர்) தாண்டுனா நீங்க துடுப்பு போடலை, காத்துகூடக் கெஞ்சிக்கிட்டு இருக்கீக.

கடலுக்குன்னா ப்ளாஸ்டிக்தான். அதுலயும் உள்ள கால நுழைச்சு உக்காருத ரகம் வேண்டாம். அதுல தண்ணி ஏறுனா மோந்து வெளிய ஊத்தணும். மேல உக்காருத ரகத்துல ஸ்கப்பர்னு சொல்லுத வடிகால் ஓட்டை வழியா தன்னால வடிஞ்சிரும். அகலம் 30 அங்குலத்துக்குக் கொறையாம எடுங்க. நீளம் பத்தடிக்கு மேல கிடைச்சா நல்லது, நேராப் போவும்.

கெமிஸ்ட்ரி_வாத்தியார்

காத்துப் படகு வாங்குறவங்களுக்கு ஒரு கணக்கு. பதினொண்ணாம் வகுப்புப் பாடம்தான்.

காலைல 27 டிகிரியில 1 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) வரைக்கும் அடிக்கிறீங்க. அது மீட்டர்ல தெரியுற அழுத்தம். வெளிக்காற்றோட அழுத்தம் 14.7ஐயும் சேத்தா உள்ள இருக்கிறது 15.7. மீன் பிடிச்சுட்டு வந்து படகை மணல்ல இழுத்துப் போட்டு, டீ குடிக்கப் போயிடுறீங்க. கறுப்பு, நீலப் பிவிசி வெயில்ல 57 டிகிரி போறது ஒண்ணும் அதிசயம் இல்லை. 300 கெல்வின் 330 ஆச்சு, பத்து சதவீதம் கூடிப்போச்சு. உள்ள 17.27. மீட்டர்ல பாத்தா 2.57. அதாவது அழுத்தம் ரெண்டரை மடங்கு. நிஜத்துல படகு கொஞ்சம் உப்பி விட்டுக்கொடுக்கும், முழு ரெண்டரை மடங்கும் ஏறாது. ஆனா அந்த உப்பல் வந்து நிக்கிற இடம் தையல், ஒட்டு. அங்கதான் விடும்.

தண்ணியில இருக்கிற வரைக்கும் தண்ணியே குளிர வெச்சிடும். கரைக்கு வந்தா காத்தைக் கொஞ்சம் இறக்குங்க. பூட்டுன காருக்குள்ள அடிச்ச படியே வெக்கவே வெக்காதீங்க.

இதுக்கு எதிர்மாறும் நடக்கும். வெயில்ல கரையில வெச்சு அடிச்சுட்டு குளிர்ந்த தண்ணியில இறக்குனா கால் மணி நேரத்துல தொளதொளன்னு ஆயிடும். ஓட்டை விழுந்துடுச்சுன்னு பயந்து நிறைய பேர் திருப்பி அனுப்பியிருப்பாங்க. பத்து நிமிஷம் தண்ணியில போட்டு வெச்சுட்டு, மறுபடி ரெண்டு அமுக்கு அமுக்கிட்டுக் கிளம்புங்க.

தாம்பரம்_தூண்டில்

வாத்தியாரே, நீங்க அப்பவே இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தா நான் பாஸாகியிருப்பேன்.

முத்துநகர் அண்ணே, நான் கடலுக்குள்ள ரொம்பத் தூரம் எல்லாம் போக மாட்டேன். கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர். காலைல கடல் கண்ணாடி மாதிரி இருக்கும்போது போயிட்டு எட்டு மணிக்குள்ள வந்துடலாம்ல?

ராஜி_ஈசிஆர்

தம்பி, அந்தக் "கண்ணாடி மாதிரி" என்கிற வார்த்தையைப் பார்த்ததும் இதை எழுதியே ஆகணும்னு உட்கார்ந்துட்டேன்.

மூணு வருஷம் முன்னாடி, ஜூன் மாசம். எங்கிட்ட இருந்தது காத்தடிக்கிற கயாக். காலை ஆறு மணி, கரையில நின்னு பார்த்தா ஒரு அலை இல்லை. சவுக்குத் தோப்பு ஓரமா இறக்குறேன், முகத்துல காத்தே படலை. பத்து நிமிஷத்துல ஐநூறு மீட்டர் போயிட்டேன். எனக்கு இவ்வளவு நல்லா துடுப்பு போட வருதேன்னு ஒரே பெருமை. திரும்பினப்போதான் தெரிஞ்சுது, போனது நான் இல்லை. மேற்குக் காத்து கொண்டு போயிருக்கு.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட்ல நம்ம பக்கம் காலைல காத்து நிலத்துலேர்ந்து கடலுக்கு அடிக்கும். மத்தியானம் கடல்காத்து உள்ள வர்ற வரைக்கும் அதுதான் ராஜா. கரையோரத்துல மரமும் வீடும் மறைச்சுக்கும், அதனால நமக்கு உறைக்காது. கரைக்குப் பக்கத்துல அலை எழும்ப இடமே இல்லாததால தண்ணி சமமா இருக்கும். உள்ள போகப் போகத்தான் சுருக்கம் விழும், அப்புறம் வெள்ளை நுரை தெரியும். கண்ணாடி மாதிரி இருந்ததுக்குக் காரணமே அந்தக் காத்துதான்.

நாற்பது நிமிஷம் துடுப்பு போட்டேன். கரையில இருந்த ஒரு மஞ்சள் கட்டடத்தைக் குறியா வெச்சுக்கிட்டேன். அது பெருசாகவே இல்லை. கை மரத்துப் போச்சு. வலை எடுத்துட்டு வந்த ஒரு ஃபைபர் படகுதான் கயிறு போட்டு இழுத்துட்டு வந்தது. அந்தப் பெரியவர் திட்டவே இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்தது. "கச்சான்ல எதுக்கும்மா பலூன எடுத்துட்டு வர்றே?" அவ்வளவுதான் கேட்டார். கச்சான்னா அந்த மேற்குக் காத்துதான்.

15 நாட் காத்துன்னா மணிக்கு 28 கிலோமீட்டர். காத்துப் படகுல நாம போடுற வேகம் நாலு, மிஞ்சிப் போனா அஞ்சு. கணக்கு அங்கேயே முடிஞ்சுடுது.

வாவிக்கரை

நான் மட்டக்களப்பு. எங்கட பக்கமும் கிழக்குக் கரைதானே, இதே கதைதான். கச்சான் நேரம் கடற்பக்கம் காத்துப் போட் ஒண்டும் இறக்கிறதில்லை. வாவிக்குள்ள மட்டும் பாவிக்கிறன். அங்கயும் முதலை இருக்கிற பக்கம் தெரிஞ்சுதான் போறது. றப்பரோ பிளாஸ்டிக்கோ எண்டு முதலை பாக்காது.

ஈரோடு_விரால்

முதலைன்னதும் ஞாபகம் வருதுங்க. அமராவதி அணையில நெறைய இருக்குது, ஒகேனக்கல் பக்கம் காவிரியிலயும் இருக்குது. பரிசல்காரங்களுக்கு எந்த மடுவுல கிடக்கும்னு தெரியும், நமக்குத் தெரியாது. அணையில மீன்பிடி உரிமையும் குத்தகைக்கு விட்டிருப்பாங்க, ஊர் ஏரியும் ஏலத்துல ஒருத்தர் எடுத்திருப்பாரு. அவரைக் கேட்காம இறங்குனா படகு ஊர்ப் பஞ்சாயத்துல நிக்கும். கேட்டா பெரும்பாலும் "ஒரு விரால் குடுத்துட்டுப் போங்க"ன்னு விட்டுடுவாங்க.

முத்துநகர்_பாறை

எங்க தூத்துக்குடிப் பக்கம் ஒண்ணு சேத்துக்கிடுங்க. மன்னார் வளைகுடாவுல இருக்குத 21 தீவும் 1986லயே தேசியப் பூங்கா ஆயிட்டு. வான் தீவு கரையில நின்னாலே தெரியும், ஒரு எட்டு போயிட்டு வருவோம்னு கயாக்கை விட்டுராதீக. வனத்துறை புடிச்சா படகும் போவும், வழக்கும் வரும்.

பழவேற்காட்டான்

ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருக்கேன், இன்னைக்குத்தான் எழுதுறேன். எங்க குடும்பம் மீன்பிடிக் குடும்பம். நான் கம்பெனி வேலை, அப்பா இன்னும் ஏரிக்குப் போறாரு.

இங்க ஞாயித்துக்கிழமை ஆனா கலர் கலரா படகு வருது. வரட்டும், நல்லதுதான். ஆனா ஏரி காலியாக் கிடக்குன்னு நெனச்சுக்கிறாங்க. இங்க "பாடு"ன்னு ஒரு முறை உண்டு. இறாலுக்கு வலை கட்டுற இடம் இன்னைக்கு எந்த ஊருக்கு, நாளைக்கு எந்த ஊருக்குன்னு முறை வெச்சுப் பிரிச்சுக்குறது, தாத்தா காலத்துக்கு முன்னாடியே இருக்கு. குச்சி நட்டு வலை கட்டியிருக்கிற இடத்துல போய் நங்கூரம் போட்டா, அது ஒருத்தரோட அன்னைக்குக் கூலி. நண்டு வலைக்கு மிதக்கிற அடையாளம் தண்ணி பாட்டிலோ தெர்மாகோலோதான் இருக்கும். குப்பைன்னு நெனச்சுப் பக்கத்துல லூர் எறிஞ்சா ரெண்டு பேருக்கும் நஷ்டம்.

ஏரி முக்காவாசி இடத்துல இடுப்பளவுதான். அதனால பயமில்லைன்னு சொல்வாங்க. சேறு எவ்வளவு ஆழம்னு சொல்ல மாட்டாங்க. இறங்கி நடக்கலாம்னு கால வெச்சா முட்டி வரைக்கும் போவும், செருப்பு வராது. அப்புறம் சிப்பி. படுகை ஓரம் பூரா பிளேடு மாதிரி நிக்கும், வத்தத்துல தெரியும், ஏத்தத்துல மறைஞ்சிடும். காத்துப் படகுக்கு இங்க அதுதான் எமன்.

இன்னொண்ணு. மேல உக்காந்து ஓட்டுறது, தண்ணி தானா வடியறதுன்னு புதுசா கண்டுபுடிச்ச மாதிரி பேசுறீங்க. எங்க தாத்தா ஓட்டுன கட்டுமரம் வேற என்ன? மரத்தைச் சேத்துக் கயிறு போட்டுக் கட்டுவாங்க, அலை மேல ஏறி இடுக்கு வழியா எறங்கிடும். மோந்து ஊத்துற வேலையே கெடையாது. கவுந்தா புரட்டிப் போட்டு ஏறிக்குவாங்க. ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கு. மரத்துக்கு உள்ள காலி கெடையாது, அதனால உள்ள தண்ணி நெறையாது. உங்க கயாக்குக்கு உள்ள பூரா காலி. மூடி ஒழுங்கா மூடலை, உள்ள தண்ணி வடிக்கிற ஓட்டைக்கு அடைப்பான் போட மறந்துட்டோம், அடியில விரிசல் விட்டுடுச்சுன்னா உள்ள தண்ணி போறது மேல உக்காந்திருக்கிறவருக்குத் தெரியாது. திடீர்னு ஒரு பக்கம் சாயும். கிளம்புறதுக்கு முன்னாடி அடைப்பானைத் தொட்டுப் பாருங்க, கரை வந்ததும் தொறந்து எவ்வளவு வடியுதுன்னு பாருங்க.

முத்துநகர்_பாறை

பழவேற்காட்டுத் தம்பி சொன்னதுல ஒரு எழுத்தைக்கூட மாத்த முடியாது. நானும் அடைப்பானை மறந்திருக்கேன். பாதி வழியில படகு ஏன் எருமை மாதிரி நகருதுன்னு யோசிச்சேன்.

நங்கூரத்தையும் சொல்லிருதேன். ஓட்டம் இருக்குத இடத்துல பக்கவாட்டுல கட்டவே கூடாது. கயிறு இறுகும், பக்கம் தாழும், தண்ணி ஏறும், கவுந்திரும். மூக்குலயோ வாலுலயோதான் கட்டணும். உக்காந்த எடத்துலயே இருந்து நகத்துததுக்கு, படகு ஓரமா ரெண்டு கப்பி வெச்சு ஒரு கயிறு ஓட விடலாம். ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம் போதும், கயிறு ஆழத்தைப் போல மூணு மடங்காவது விடணும். வெட்டுததுக்கு ஒரு கத்தி கைக்கு எட்டுத தூரத்துல வேணும். முகத்துவாரத்துல நங்கூரமே வேண்டாம்.

கெமிஸ்ட்ரி_வாத்தியார்

பெடல் வெச்ச கயாக் பத்தி யாரும் பேசலையே? ஹோபி கம்பெனி 1997லயே துடுப்புக்குப் பதிலா மீன் செட்டை மாதிரி அடிக்கிற மிதி இயந்திரம் கொண்டு வந்துடுச்சு. ரெண்டு கையும் தூண்டிலுக்குக் கிடைக்கும்.

பழவேற்காட்டான்

இடுப்பளவு தண்ணி, பாசி, வலை. மூணும் இருக்கிற இடத்துல மிதிச்சா செட்டை சிக்கிக்கும், அதை எடுக்கிறது நீங்க இல்ல சார், எங்கப்பா. அவரு கூலி கேப்பாரு.

தாம்பரம்_தூண்டில்

சரி, கடலை மறந்துட்டேன். ராஜி அக்கா கதையை வீட்டுல படிச்சுக் காட்டியிருக்கக் கூடாது, அது என் தப்பு.

உப்பங்கழி, ஏரி மட்டும்னா எது? வேற என்ன வாங்கணும்?

ராஜி_ஈசிஆர்

முதல்ல லைஃப் ஜாக்கெட். வாங்கி வெச்சுக்க இல்லை, போட்டுக்க. ஆரஞ்சு தெர்மாகோல் சட்டை வேண்டாம், கழுத்துல இடிக்கும், அரை மணி நேரத்துல கழட்டிடுவ. அக்குள் பக்கம் அகலமா வெட்டின, 50 நியூட்டன்னு (மிதக்க வைக்கிற விசை) போட்ட துடுப்புக்காரங்க ரகம் பாரு. அது நீந்தத் தெரிஞ்சவங்களுக்கு, கரைக்குப் பக்கத்துல. நீச்சல் சரியா வராதுன்னா 100 நியூட்டனுக்குப் போ.

துடுப்புக்கு ஒரு கயிறு. 91 செ.மீ. அகலப் படகுக்கு 240 செ.மீ. துடுப்பு வேணும், கூடவே வர்றது பெரும்பாலும் குட்டையா இருக்கும், முட்டி தட்டும். தண்ணி புகாத பையில போன், உடம்போட கட்டிக்க. கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, ரெண்டையும் இப்பவே பதிஞ்சு வை. இன்காய்ஸ் (கடல் தகவல் மையம்) அலை எச்சரிக்கையும் வானிலை மையத்தோட மீனவர் எச்சரிக்கையும் முந்தின நாள் ராத்திரியே பாரு.

எல்லாத்துக்கும் மேல, மீன் பிடிக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு நாள் சும்மா போய்க் கவுந்துட்டு வா. மார்பளவு தண்ணி, கூட ஒரு ஆள். வேணும்னே கவுக்கணும், புரட்டணும், ஏறணும். பக்கவாட்டுல வந்து காலை மீன் மாதிரி அடிச்சு நெஞ்சை மேல போடு, அப்புறம் இடுப்பைத் திருப்பி உக்காரு. அஞ்சு தடவை ஏற முடியலைன்னா அந்தப் படகு உனக்கு இல்லை. வாங்கறதுக்கு முன்னாடியே யார்கிட்டயாவது இரவல் வாங்கிச் செஞ்சு பார்க்கறது இன்னும் நல்லது.

ஈரோடு_விரால்

கழின்னா காத்துப் படகே போதுங்க, சிப்பி கிட்டப் போகாம இருந்தா. அடியில யோகா மேட் ஒண்ணு விரிச்சுடுங்க. கெளுத்தி வந்தா உள்ள போடாதீங்க, முள்ளு ஆணி மாதிரி. வலைக் கூடையில போட்டு, கூடையை வாளிக்குள்ள வைங்க. லூர் கொக்கியில முள்ளை இடுக்கியால நசுக்கிடுங்க. கத்தி மடக்குறதா இருக்கட்டும்.

ஓட்டை கண்டுபுடிக்க சோப்புத் தண்ணி. ஒட்டுத் துணியை வட்டமா வெட்டுங்க, மூலை இருந்தா அங்கதான் உரியும். பிவிசிக்கான பசை வேணும், பஞ்சர் கடைப் பசை நிக்காது. ஒரு நாள் முழுக்க காய விடுங்க.

கடைசியா, பரண்ல மடிச்சு வெக்கும்போது கழுவி, நல்லாக் காய வெச்சு வைங்க. மீன் வாசம் இருந்தா எலி வரும். என்னோட முதல் படகு முள்ளுல போகலைங்க, எலியிலதான் போச்சு. மடிப்புக்கு மடிப்பு ஒரே ஓட்டை வரிசையா எட்டு இடத்துல.

முத்துநகர்_பாறை

எலிக்கும் ப்ளாஸ்டிக் கயாக்குக்கும் ஆவாது. சொல்லி வெச்சேன்.

தாம்பரம்_தூண்டில் (அஞ்சு வாரம் கழிச்சு)

அப்டேட். ராஜி அக்கா சொன்ன மாதிரி ஆபீஸ் நண்பர்கிட்ட காத்துப் படகு இரவல் வாங்கி, ஏரியில கவுந்து பாத்தேன். முதல் தடவை ஏறவே முடியலை. ரெண்டாவது தடவை ஏறி அந்தப் பக்கம் விழுந்துட்டேன். நண்பன் வீடியோ எடுத்துட்டான், அதைப் போட மாட்டேன். ஒன்பதாவது தடவையிலிருந்து ஒழுங்கா வருது. கிணத்து நீச்சல்காரனுக்கு இது போதும்னு நெனைக்கிறேன், இருந்தாலும் 100 நியூட்டன்தான் வாங்கினேன்.

கடைசியில காத்துப் படகேதான். படிக்கட்டு தீர்ப்பு சொல்லிடுச்சு. 240 துடுப்பு தனியா வாங்கினேன். யோகா மேட் வீட்டுல இருந்தது, இப்போ வீட்டுல இல்லை, அதுக்கு ஒரு பஞ்சாயத்து ஓடிட்டு இருக்கு.

முதல் நாள் ரெண்டு ஜிலேபி மீன், ஒரு கை அளவு கொடுவா, அதைத் திருப்பி விட்டுட்டேன். எட்டரைக்குக் காத்து திரும்பினதும் கிளம்பிட்டேன், அப்பவும் வர்றதுக்குப் போன நேரத்தைவிட ரெண்டு மடங்கு ஆச்சு.

பழவேற்காட்டான் ப்ரோ, அடுத்த ஞாயிறு உங்க பக்கம் வரலாமா? எந்தப் பக்கம் பாடு இல்லைன்னு சொன்னா அங்க மட்டும் நிக்கிறேன்.

பழவேற்காட்டான்

வாங்க. அப்பாகிட்ட கேட்டேன், வடக்கால ஒரு ஓரம் சொன்னாரு, அங்க சிப்பியும் கம்மி. ஆனா அஞ்சரைக்குக் கரையில இருக்கணும். ஏழு மணிக்கு வந்து நின்னா டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடுவேன். எலி கடிக்காத படகா எடுத்துட்டு வாங்க.